மஜீட் ஹாஜியார் கேட்ட மாப்பு

காத்தான்குடியில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டப் பழக்குகிறவள் பர்ஸானா. அசர் தொழுகை முடிந்து வெயில் தாழ்ந்ததும் வாவிக்கரை வீதியில் வகுப்பு ஆரம்பிக்கும். வீதிக்கு ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வாவி. பழக வருகிறவர்களில் பாதிப்பேர் மதிலுக்குப் பயந்து வாவிப் பக்கம் சாய்வார்கள். இடைக்கிடை ஒருத்தி வண்டியோடு உள்ளேயே போய்விடுவாள். கரையோரம் முழங்கால் அளவு தண்ணீர்தான், உயிருக்கு ஒன்றும் ஆகாது. அபாயாவெல்லாம் சேறாகி அவள் அழுதுகொண்டு நிற்பாள். பர்ஸானா கரையில் நின்றபடி, "பிறேக் எண்டு ஒண்டு இரிக்கி புள்ள. நாளைக்கி அதப் பழகுவம்" என்பாள்.

அவளுடைய குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தாய் மவுத்தான நேரத்தில்கூட, யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள் என்று ஊரில் குறையாகவும் சொல்வார்கள், பெருமையாகவும் சொல்வார்கள். கணவன் ஜிப்ரி அதற்கும் மேலே. பல வருடம் கத்தாரில் பஸ் ஓட்டிவிட்டு வந்து, இப்போது ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் வான் ஒன்று வைத்திருக்கிறான். வானின் ஹோர்ன் எப்போதோ பழுதாகிவிட்டது. அவன் அதைத் திருத்தவில்லை. முன்னால் மாடு நின்றால் மாடு போகும்வரை நிற்பான். யாரோடும் கொழுவல் வைக்கக் கூடாது என்பது அவனுடைய கொள்கை, மாட்டோடும்தான்.

இப்படிப்பட்ட இரண்டு பேரின் வீட்டுக் குசினிதான் ஒரு நாள் வெடித்தது.

நோன்புக்கு முந்திய வாரம். சுபஹ் தொழுதுவிட்டுப் பிளேன்டீ வைக்கலாம் என்று பர்ஸானா குசினிக்குள் போனாள். முதல்நாள் பின்னேரம்தான் மஜீட் ஹாஜியாரின் கடையிலிருந்து புதிய கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. நீலச்சுடர் என்று ஒரு புதுக் கம்பனி. கேஸுக்கு வரிசையில் நின்று களைத்துப்போன சனம் அதைக் கண்டதும் கிடைத்தால் போதும் என்று வாங்கிக்கொண்டிருந்த நேரம். பர்ஸானா லைட்டரைத் தட்டினாள். அடுப்பு பற்றவில்லை, குசினி பற்றியது. ஜன்னல் கட்டையோடு பறந்து பக்கத்து வளவில் விழுந்தது. அவளுடைய வலது கை முழங்கை வரையும், வலது கன்னமும் எரிந்தன.

வெளியே நடந்து வந்து, "தண்ணி ஊத்துங்க" என்று ஜிப்ரியிடம் சொன்னாள். அவன் தண்ணீர் ஊற்றினான். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து, தண்ணீர் போதாது என்று கை முழுக்கப் பற்பசை பூசிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் அவளுக்கு உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன் புள்ள, கேஸ் மணக்கல்லயா?"

மணக்கவில்லை என்று அவள் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிய விதத்தில் அவர்கள் நம்பவில்லை என்று தெரிந்தது. கேஸ் என்றால் மணக்கும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மணத்திருக்கும், இவள்தான் கவனிக்கவில்லை. அல்லது ரெகுலேட்டரைச் சரியாகப் பூட்டவில்லை. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை, வோர்ட்டை விட்டு இறங்கும்போது படியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் ரெகுலேட்டரைப் பூட்டுவாள். திருகி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் திருகுவாள். அன்றைக்கு உண்மையில் இழுத்துப் பார்த்தாளா என்று அவளுக்கு நினைவில்லை. கை வலியைவிட அதுதான் அவளை அரித்தது.

மஜீட் ஹாஜியாரும் மனைவியோடு வந்தார். ஒரு பை ஆப்பிள், ஒரு மோல்ட் டின். கேஸ் கடை வைத்திருந்தாலும் ஹாஜியார் ஊரில் மரியாதைக்குரிய மனிதர். பள்ளிவாசலில் முன் வரிசை, எடை குறைக்காத தராசு. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"மகள், என்ட பக்கத்தால ஏதும் குறை இரிந்தா அல்லாஹ்வுக்காக மாப்புத் தாங்க."

மாப்பு என்றால் மன்னிப்பு. ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவரும் கேட்பார், ஒப்பறேஷனுக்குப் போகிறவரும் கேட்பார், கல்யாண வீட்டில் சோறு போதவில்லை என்றாலும் கேட்பார்கள். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவன் நெஞ்சு கல் என்று பெயர் எடுப்பான். "தந்திட்டன் ஹாஜியார்" என்றாள் பர்ஸானா. ஹாஜியார் கண்ணைத் துடைத்தார். இளகிய மனசு என்று அவள் நினைத்தாள்.

அவர் போன கையோடு ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுக்க வந்தார். யார்மீதாவது முறைப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். இப்போதுதான் மாப்புக் கொடுத்திருக்கிறாள், வாய் காயவில்லை. "ஆரிலயும் இல்ல" என்றாள். அவர் எழுதிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு காரியம் நடந்தது. ஒருவருக்குத் துன்பம் வந்தால் இந்த ஊர் கையைக் கட்டிக்கொண்டு இராது. அவள் திரும்பி வரும்போது கரிந்த குசினியைப் பார்க்கக் கூடாது என்று மஹல்லாப் பொடியன்மார் ஒரு வெள்ளிக்கிழமை திரண்டு வந்தார்கள். சுவரைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, சீமெந்து பூசி, பள்ளிவாசலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றை அடித்தார்கள். உருகிய குழாய், ரெகுலேட்டர், அடுப்பு எல்லாம் குப்பை டிறக்டரில் போயின. சிலிண்டருக்கு மட்டும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஜிப்ரி அதை வானில் ஏற்றி ஹாஜியாரின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தான். மற்றவர் பொருள் நம் வீட்டில் கிடக்கக் கூடாது என்பதும் அவனுடைய கொள்கைகளில் ஒன்று. ஹாஜியார் ஒன்றும் பேசாமல் புதிய சிலிண்டர் ஒன்றைக் கொடுத்தார். பழையது அடுத்த லொறியில் கம்பனிக்குப் போய், நிரம்பி, வேறு யாருடைய குசினிக்கோ போய்ச் சேர்ந்தது.

பர்ஸானா வீட்டுக்கு வந்து பச்சைக் குசினியைப் பார்த்தாள். "வடிவா இரிக்கி" என்றாள். புதிய சிலிண்டரை முற்றத்தில் வைக்கச் சொன்னாள். விறகில் சமைக்க ஆரம்பித்தாள், இடது கையால்.

நோன்புப் பெருநாள் கழியும்போது வலது கையின் விரல்கள் உள்ளே மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னும் ஒப்பறேஷன் செய்ய வேண்டும், பிறகும் நீண்ட நாள் பயிற்சி வேண்டும் என்றார் டொக்டர். அக்ஸிலேட்டர் இருப்பது வலது கையில். ஆனாலும் பின்னால் உட்கார்ந்து வாயால் பழக்கலாம் என்று அவள் வாவிக்கரைக்குப் போனாள். யாரும் வரவில்லை. வழக்கமாக வருகிற ஒரு பெண்ணின் தாய், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது தெளிவாகக் கேட்டது. "அடுப்பு மூட்டத் தெரியாதவட்ட என்னத்தப் பழகுற?"

அடுத்த வாரம் பர்ஸானா பிரதேச செயலகத்துக்குப் போனாள். வீட்டுத் தீயிலும் வெடிப்பிலும் காயப்பட்டவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்குப் பேசும் சின்ன அமைப்பு ஒன்று மட்டக்களப்பு டவுனில் இருக்கிறது. அதன் சட்டத்தரணி நிலானி மாதம் ஒருமுறை இந்தச் செயலகத்துக்கு வந்து ஒரு மேசையில் இருப்பாள். வயது குறைந்த பெண். கழுத்தில் சின்னச் சிலுவை, மேசையில் பெரிய தண்ணீர்ப் போத்தல்.

பர்ஸானா முன்னால் இருந்தாள். "மிஸ், இது என்ட பிழையா இல்லயா எண்டு கோட்டுல சொல்லுவாங்களா?"

நிலானி நிமிர்ந்து பார்த்தாள். வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு கேள்வியோடுதான் வருவார்கள். "ஓமக்கா. அதத்தான் கோட்டில முதல்ல கேப்பாங்க. சிலிண்டர் எங்க இருக்கு?"

"குடுத்திட்டம்."

"ஆரிட்ட?"

"வித்தவரிட்டயே."

"ரெகுலேட்டர்?"

"குப்பயில போட்டாச்சி."

"எரிஞ்ச சுவர் படம் எடுத்தீங்களா?"

"பெயின்ற் அடிச்சிட்டாங்க. வடிவா இரிக்கி."

நிலானி தண்ணீர் குடித்தாள். "பொலிஸ் வாக்குமூலத்தில என்ன சொன்னீங்க?"

"முறைப்பாடு இல்ல எண்டு. அதுக்கு முன்ன ஹாஜியாருக்கு மாப்பும் குடுத்திட்டன்."

நிலானி பேனையை மூடி வைத்தாள். "அக்கா, கோவிக்காதீங்க. நீங்களும் உங்கட ஊராக்களும் சேந்து அந்தக் கம்பனிக்கு எவ்வளவு உதவி செய்திருக்கிறீங்க எண்டு கம்பனிக்கே தெரியாது."

பர்ஸானா ஒத்துக்கொண்டாள். மறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மாப்பு விஷயம் என்ன என்று நிலானி விவரமாகக் கேட்டாள். சொன்னதும், "எங்கட சமயத்தில இப்பிடி லேசில கிடைக்காதக்கா. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா, என்ன செய்தனெண்டு முதல்ல வாய் திறந்து சொல்லோணும். சொன்னாத்தான் ஃபாதர் மன்னிப்பார்" என்றாள். அது சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னது. பிறகு சட்டத்துக்கு வந்தாள். இந்த மாதிரிப் பிணக்கு கோட்டுக்குப் போவதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் வர முடியாது, அவளே பேச வேண்டும். கையில் ஆதாரம் என்று ஒரு துரும்பும் இல்லை, இருந்தாலும் போகத்தான் வேண்டும்.

மத்தியஸ்த சபையின் அழைப்பு வந்த அன்று ஜிப்ரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"மாப்புக் குடுத்திட்டு மறுகா சபைக்கிக் கூப்பிடுறது சரியா? ஹாஜியார்ர முகத்த நான் பள்ளியில எப்பிடிப் பாக்குற?"

"நீங்க ஏன் பாக்குற? நீங்க தொழுங்க."

"அதில்ல. குடுத்தத் திருப்பி எடுக்கேலாது."

"நான் எடுக்கப் போறல்ல" என்றாள் பர்ஸானா. என்ன செய்யப் போகிறாள் என்று அவன் கேட்டான். அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் நிலானி சும்மா சொன்ன பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. விறகை ஊதும்போதும், இடது கையால் தலை சீவும்போதும் அதுவே வந்து நின்றது.

சபை ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடம் ஒன்றில் கூடும். அன்றைக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு அறை. பெரிய கதிரைகள் வேறு அறையில் பூட்டிக் கிடந்தன, சாவி வைத்திருந்தவர் கல்யாண வீட்டில். ஆகவே ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஏழு வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற அதிபர் பதியுதீன், இரண்டு பக்கமும் இரண்டு அங்கத்தவர்கள். எதிரே ஒரு பக்கம் பர்ஸானாவும் ஜிப்ரியும், மறுபக்கம் மஜீட் ஹாஜியார். நீலச்சுடர் கம்பனிக்கும் அழைப்புப் போயிருந்தது. யாரும் வரவில்லை.

பதியுதீன் இரண்டு தரப்பையும் பேசச் சொன்னார். ஹாஜியார் முந்திக்கொண்டார். குரல் தாழ்மையாகத்தான் இருந்தது.

"நான் கூடப் பேச ஒண்டுமில்ல சேர். இந்தப் புள்ள ஆஸ்பத்திரியில வெச்சி அல்லாஹ்வுக்காக எனக்கி மாப்புத் தந்திட்டு. என்ட மனைவி சாட்சி. மாப்புத் தந்த விஷயத்த மறுகா பேசுறது நமக்கு அழகில்ல."

பதியுதீன் பர்ஸானாவைப் பார்த்தார். "தந்தீங்களா?"

"ஓம் சேர், தந்தன்."

பக்கத்திலிருந்த அங்கத்தவர் முழங்காலை நீட்டினார், வேலை முடிந்தது என்ற ஆறுதலோடு. ஜிப்ரியும் மூச்சு விட்டான்.

"திருப்பி எடுக்க நான் வரல்ல" என்றாள் பர்ஸானா. "எனக்கி ஒண்டு தெரியணும். ஹாஜியார், நான் என்னத்துக்கு மாப்புத் தந்தன்?"

ஹாஜியார் அவளைப் பார்த்தார். "ஏதும் குறை இரிந்தா எண்டுதானே மகள் கேட்ட."

"ஓம். நான் யோசிச்சிப் பாத்தன். என்னப் பாக்க ஊர்ல எல்லாரும் வந்தாங்க. தையல்கார ராத்தா வந்தா, மீன் கொண்டு வாற மனுசன் வந்தாரு, என்னோட கதைக்காத மச்சி கூட வந்தா. ஆரும் மாப்புக் கேக்கல்ல. நீங்க மட்டும்தான் கேட்டீங்க."

வகுப்பறைக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது பற்றவில்லை.

"நான் அவர மடக்குறதுக்கு கேக்கல்ல சேர்" என்று அவள் பதியுதீனிடம் திரும்பினாள். "எல்லாரும் என்னட்ட மணக்கல்லயா மணக்கல்லயா எண்டு கேக்குறாங்க. எனக்கும் இப்ப தெரியல்ல. நான் சரியாப் பூட்டல்லயோ தெரியா. நான் பிழ செஞ்சிரிந்தா, ஹாஜியார் ஏன் என்னட்ட மாப்புக் கேக்குற? அதச் சொன்னாப் போதும். நான் போயிருவன்."

வழக்கம்போலவே அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. மடங்கிப்போன கை மடியில் கிடந்தது. மஜீட் ஹாஜியார் கைகால் முகம் கழுவி ஒழுச் செய்துகொண்டு வந்திருந்தார், சபை முடிந்து லுஹர் தொழுகைக்குப் போக வேண்டும் என்று. அதிபர் அவரை அவசரப்படுத்தவில்லை, பிள்ளைகளைப் பேச வைத்துப் பழகிய மனிதர்.

"அந்த லோட்டுல மணம் இல்ல" என்றார் ஹாஜியார்.

தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"கேஸுக்கு மணம் கலக்குற. அது இல்லாட்டி ஒழுகினா ஆருக்கும் விளங்காது. அந்த லோட்டுக்கு அது இல்ல. மகள்ர ஊட்டுக்குக் குடுக்க முந்தியே ரெண்டு பேர் வந்து சொன்னாங்க, சரியாப் பூட்டினாலும் ஒழுகுது, சவர்க்காரத் தண்ணி போட்டா நுரைக்கிது, ஆனா மணக்குதில்ல எண்டு. நான் கம்பனிக்கி கோல் எடுத்தன். அடுத்த லோட்டுல சரியாகும், இரிக்கிறத வித்து முடிங்க எண்டாங்க. சொல் கேக்காட்டி ஏஜென்சியப் பறிப்பாங்க. நான் வித்தன்." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "உங்கட சிலிண்டர ஏத்தி விடக்குள்ள எனக்கித் தெரியும்."

கொழுவல் வைக்காத ஜிப்ரியின் முகம் மட்டும் கறுத்துப்போனது.

பதியுதீன் தொண்டையைச் செருமினார். "ஹாஜியார், ஒண்டச் சொல்லத்தான் வேணும். இந்தச் சபையில சொன்ன எதையும் கோட்டுல சாட்சியா எடுக்கேலா. சட்டம் அப்பிடி. இந்த அறைய விட்டு வெளிய போனா, நீங்க இதச் சொல்லல்ல எண்டுதான் கணக்கு. வெளியிலயும் சொல்லுறதா இல்லயா எண்டது உங்கட விருப்பம்."

இணக்கம் ஏற்படவில்லை என்று எழுதி, பர்ஸானா இனிக் கோட்டுக்குப் போகலாம் என்று சபை சான்றிதழ் கொடுத்தது. எல்லோரும் சின்னக் கதிரைகளிலிருந்து ஒருவரை ஒருவர் பிடித்து எழும்பினார்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஹாஜியார் காத்துக்கொண்டு நின்றார். பர்ஸானா வந்ததும் ஓர் அடி முன்னால் வந்தார்.

"மகள், இப்ப சொல்லிட்டன். இப்ப மாப்புத் தாங்க."

அவள் அவரை நேரே பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. "அண்டைக்கி ஒண்டும் தெரியாமத் தந்த. லேசா இரிந்தது. இப்ப தெரிஞ்சிட்டு ஹாஜியார். இப்ப தாறது கஷ்டமா இரிக்கி."

ஹாஜியார் தலையாட்டினார். அவர் பள்ளிவாசல் பக்கம்தான் போவார் என்று ஜிப்ரி நினைத்தான். அவர் ஜிப்ரியிடம் திரும்பி, "அந்த லோயர் புள்ள எங்க இரிக்கிற?" என்று கேட்டார்.

ஜிப்ரி இடத்தைச் சொன்னான். டவுனில், மாதா கோயிலுக்குப் பின்னால். ஞாயிறு என்றபடியால் அவ பூசைக்குப் போயிருப்பா, ஆனால் இந்த நேரம் முடிந்திருக்கும். சொல்லிக்கொண்டே போனவன், முகம் இன்னும் கறுத்திருக்க, பழக்க தோஷத்தில், "ஏறுங்க, கொண்டுபோய் விடுறன்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது விளங்கியது. அதற்குள் ஹாஜியார் ஏறிவிட்டார்.

பர்ஸானா முன் சீற்றில் இருந்தாள். ஹாஜியார் பின்னால், ஸ்கூல் பிள்ளைகளின் தாழ்வான பெஞ்சில். ஆரையம்பதிப் பக்கமிருந்து வந்த பஸ்களெல்லாம் ஹோர்ன் இல்லாத வானை முந்திக்கொண்டு போயின. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது ஜிப்ரி பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினான். பர்ஸானா அழுதுகொண்டிருந்தாள். பற்பசையைச் சுரண்டியபோது அழாதவள், விரல்கள் ஒட்டிப்போனபோது அழாதவள், இப்போது தோள் குலுங்க, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

ஜிப்ரி வானைப் பாலத்து ஓரம் நிறுத்தினான். "கை நோவுதா?"

"இல்ல" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடியும் நனைந்தது. "நான் செய்யல்ல. நான் சரியாத்தான் பூட்டின. அவ்வளவுதான்."

பின்னாலிருந்த மஜீட் ஹாஜியாரின் காதிலும் அது விழுந்தது. மாப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. ஜிப்ரியின் தோளை மெல்லத் தட்டி, "மகன், அந்த லோயர் புள்ள எங்கயும் போயிரும். வான எடுங்க" என்றார்.